லுபான் ஜாவி: சாம்பிராணியின் பெயர் வந்த வழி

வெள்ளி இரவில் மஃரிபுக்குப் பின் நம் இல்லங்களில் புகையும் சாம்பிராணியை அரபு நாட்டுப் பொருளென்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். அதனாலேயே அதற்கு மார்க்கச் சிறப்பும் கற்பிக்கின்றனர். நறுமணம் விரும்பத்தக்கதே, அதற்குமேல் கற்பிக்க வேண்டியதில்லை. அரபு நாட்டு லுபான் வேறு. அது ஓமனின் தோஃபார் பகுதி மரத்தின் பிசின். நம் குந்துருக்கத்தின் இனம். சாம்பிராணியோ சுமத்திராக் காட்டு மரம் தருவது.

அம்மரத்தில் பிசின் முன்னரே நிறைந்திருப்பதில்லை. பட்டையைக் கீறிய பின்னரே, காயத்தை மூடுதற்குப் பால்போல் சுரக்கிறது. மாதங்கள் சில சென்று இறுகியதும் பெயர்த்தெடுப்பர். நீரில் கரையாத அக்கட்டி, தணலில் இட்டால் முதலில் இளகும். பின்னர் அதிலுள்ள மணப்பொருள்கள் ஆவியாகி எழும்.

1345ஆம் ஆண்டளவில் சுமத்திராவை அடைந்த இப்னு பதூதா அதனை ‘ஜாவா’ என்றே குறிக்கிறார்; ‘லுபான் ஜாவி’ என்னும் பெயர் அத்தீவினால் வந்தது என்றும் எழுதுகிறார். அரபு வணிகர் வழங்கிய அப்பெயர் ஐரோப்பியர் நாவில் ‘லு’ என்னும் முதலசையை இழந்து ‘பென்சாயின்’ ஆயிற்று. அதிலிருந்து பிரித்தெடுத்த அமிலம் பென்சாயிக் அமிலம் எனப்பட்டது. 1833இல் மிட்சர்லிச் என்னும் ஜெர்மானிய அறிஞர் அவ்வமிலத்தைச் சுண்ணாம்புடன் சேர்த்துக் காய்ச்சி வடித்து, கிடைத்த நீர்மத்திற்குப் ‘பென்சின்’ எனப் பெயரிட்டார். நம் பிள்ளைகள் வேதியியல் வகுப்பில் அறுகோணமாக வரைந்து பழகும் பென்சீன் அதுவே.