சூட்டை எங்க கொட்டுறது?

கம்மாபுரத்துல இருந்து பேசுறேன். பக்கத்துல விருத்தாசலம், பீங்கான் ஊர். அங்க சூளைக்குள்ள சூடு தங்கணும். சொந்தமா விமானம் கட்டுறவங்களுக்கு நேர் எதிர்: சூடு வெளியே போகணும், இல்லன்னா நடுவானத்துல இன்ஜின் இறுகிடும்.

நம்ம ஊர்லயும் அப்படிக் கட்டினவர் உண்டு. மெட்ராஸ் ஓட்டல்காரர் டி'ஏஞ்சலிஸ் வடிவமைச்சு, சிம்ப்சன் கம்பெனி செஞ்ச விமானம் 1910 மார்ச்சில் பறந்தது. அதுக்கு முன்னாடி, 1903ல், ரைட் சகோதரர்களோட ரேடியேட்டர் வெறும் செங்குத்துக் குழாய்கள்தான். அன்னிக்கு அவங்க அதிகபட்சமா பறந்ததே 59 விநாடி. அதுக்கு அது போதும்.

மணிக்கணக்கா, வேகமா பறக்கணும்னா? ரேடியேட்டரைப் பெரிசாக்கினா, அதுவே காத்துல முட்டி விமானத்தைப் பின்னால இழுக்கும். 1935ல் இங்கிலாந்தின் மெரிடித் ஒரு வழி சொன்னார். ரேடியேட்டரை ஒரு கூண்டுக்குள்ள வைக்கணும். முன்வாய் சின்னது; உள்ளே போகப் போக அகலம். காத்து நிதானமாகும், அழுத்தம் கூடும், சூட்டை வாங்கி விரியும். குறுகின பின்வாசல் வழியா வேகமா வெளியேறும்போது முன்னால தள்ளும். இழந்த வேகத்துல ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். 1940ல் முதன்முதலா பறந்த மஸ்டாங் விமானத்தோட அடிவயித்துத் தொப்பை இதுதான்.

வீட்டுல விமானம் கட்டுறவங்களுக்கு நான் இதிலிருந்து எடுத்துச் சொல்றது ஒண்ணுதான்: ரேடியேட்டர் அளவை மட்டும் பார்க்காதீங்க, காத்து உள்ளே வர்ற வழியையும் வெளியே போற வழியையும் பாருங்க.