எட்டிப் பார்க்கும் மலை, சுற்றிப் போகும் பாதை!

தேவாரத்தில் நின்று பார்த்தால் ஏலக்காய் மலை கண்ணெதிரே. ஆனால் வண்டியில் போக, போடிக்கு வந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டைத் தாண்டணும். சாக்குலூத்து மெட்டு வழியாக நேர்ச்சாலை வேணும்னு ஊர்க்காரர்கள் பல வருஷமா கேட்கிறாங்க. நடுவில் இருப்பது வனம், அதனால் இழுபறி.

காலையில் கிளம்பினால், தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளுக்கு வழிவிடுங்க. மேலே மர நிழலில் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் ஏலச்செடிகள். காயைத் தேடி அண்ணாந்து பார்க்காதீங்க பாஸ்! அது செடியின் அடியில், தரையை ஒட்டிப் படரும் சரத்தில்தான் காய்க்கும். முற்றிய காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்கணும், சில வாரம் கழித்து அதே செடிக்குத் திரும்ப வரணும். நாள் முழுக்கக் குனிந்தபடிதான் வேலை. செப்டம்பர், அக்டோபரில் போனால் அறுவடையைப் பார்க்கலாம். எல்லாமே தனியார் தோட்டம், கேட்டுட்டு உள்ளே போங்க.