ஐம்பது மெகாவாட்டும் ஐம்பத்தொரு மெகாவாட்டும்



நம் என்.எல்.சி. காற்றிலிருந்தும் மின்சாரம் எடுக்கிறது என்றால், டவுன்ஷிப்பில் வளர்ந்த பிள்ளைகளே "எங்கே சார்?" என்கிறார்கள். தென்காசி மாவட்டம் கழுநீர்குளத்தில். 34 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 1.5 மெகாவாட், ஆக 51. நம் முதல் அனல்மின் நிலையத்தில் 1962ல் ஓடத் தொடங்கிய ஒரே ஒரு யூனிட் 50 மெகாவாட்!

அந்த சோவியத் யூனிட்டின் ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றியது. இரண்டு காந்த முனை, 50 ஹெர்ட்ஸ். கணக்கு நேராக வரும். பெரிய காற்றாலையின் இறக்கையோ இருபது சுற்றைத் தொட்டாலே அதிகம். இந்த இடைவெளியை எப்படி அடைப்பது என்பதுதான் காற்றாலை ஜெனரேட்டரின் வரலாறு.

1986ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் 55 கிலோவாட் காற்றாலைகள் வந்தன. 1990களில் முப்பந்தல் நிறைந்தது. பெரும்பாலானவற்றில் கியர்பாக்ஸ் வேகத்தைப் பல மடங்கு ஏற்றும். பின்னால் 'அணில் கூண்டு' இன்டக்‌ஷன் ஜெனரேட்டர். நம் கிணற்று மோட்டாருக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை அதன் வேகத்துக்கு மேல் தள்ளிச் சுற்றினால் மின்சாரத்தைத் திருப்பித் தரும். விலை குறைவு, நன்றாக உழைக்கும். ஆனால் காந்தப்புலத்துக்கு மின்வாரியக் கம்பியைத்தான் நம்பியிருக்கும். ரியாக்டிவ் பவரை அது இழுக்க இழுக்க அந்த வட்டாரத்தில் வோல்டேஜ் சரியும். வேகமும் அதிகம் மாற முடியாது. காற்று திடீரென்று அடித்தால் அந்த அடி கியர்பாக்ஸின் பல்லில் விழும்.

பிறகு வந்த டி.எஃப்.ஐ.ஜி. வகையில் சுழலும் பகுதிக்கும் கம்பிச் சுருள் உண்டு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தை மட்டும் கன்வெர்ட்டர் வழியாக விட்டு, காற்றுக்கு ஏற்ப வேகத்தை மாற்ற வழி செய்தார்கள். கார்பன் பிரஷ் தேய்வது மட்டும் ஓயாத தொல்லை.

கழுநீர்குளத்தில் கியர்பாக்ஸே கிடையாது. இத்தாலியில் ரோப்கார் செய்யும் லெய்ட்னர் குழுமத்தின் வடிவமைப்பு அது. பெரிய வளையம், நிறைய முனைகள், எல்லாம் நிரந்தரக் காந்தம். இறக்கையின் வேகத்திலேயே சுற்றும். வரும் மின்சாரம் முழுவதையும் கன்வெர்ட்டர் 50 ஹெர்ட்ஸ் ஆக்கும். நெய்வேலி ஜெனரேட்டரைப் போல இதுவும் சிங்க்ரனஸ் வகைதான். அது ஓடியது, இது நடக்கிறது.

எனக்கு ஒரு கவலை உண்டு. பழுப்பு நிலக்கரி நம் காலடியில் கிடைத்தது. இவ்வகைக் காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியத்தைச் சுத்திகரிப்பதில் சீனாவின் கைதான் ஓங்கியிருக்கிறது. 2025ல் அவர்கள் அருமண் உலோகங்கள் சிலவற்றுக்கும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டபோது இங்கே கார் கம்பெனிகளே திண்டாடின.

இன்னொன்று, நல்ல காற்று வீசும் இடங்கள் பலவற்றில் இன்றும் நிற்பவை அந்தப் பழைய சிறு இயந்திரங்களே. அவற்றை மாற்ற 2024ல் தமிழக அரசு கொள்கை வெளியிட்டிருக்கிறது.

கழுநீர்குளத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் யாராவது இருந்தால், மேலே ஏறி எடுத்த படம் ஒன்று போடுங்களேன்.