ஆர்னிஸ்: ஜெர்மனியின் மிகச் சிறிய நகரம்

ஆர்னிஸ் என்பது ஜெர்மனியின் வடகோடி மாநிலமான ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் உள்ள ஒரு நகரம். பரப்பளவு 0.45 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை ஏறத்தாழ 300. இரண்டிலும் நாட்டின் மிகச் சிறிய நகரம் இதுவே. பால்டிக் கடலிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் மேலாக நிலத்துக்குள் நீளும் ஷ்லை என்னும் ஒடுங்கிய கடற்கழியில், ஒரு சிறு தீபகற்பத்தின் மீது இது அமைந்துள்ளது. முற்காலத்தில் இவ்விடம் தனித் தீவாக இருந்தது. பின்னர் கரையுடன் இணைக்கப்பட்டது. ஊரின் நீளவாக்கில் ஒரே பெரிய தெரு செல்கிறது. அதன் பெயரும் 'நீளத் தெரு' என்பதே.

ஆர்னிஸ் தோன்றியதற்குக் காரணம் ஒரு மறுப்பு. சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள காப்பெல்ன் ஊர் மக்களைத் தம் பண்ணையடிமைகளாக்க, அதன் நிலப்பிரபு டெட்லெஃப் ஃபான் ரூமோர் முயன்றார். நிலப்பிரபுவுக்குப் பணிய மறுத்த அறுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள், காட்டார்ப் கோமகன் கிறிஸ்டியான் ஆல்பிரெக்ட்டின் அனுமதியுடன் 1667 இல் இத்தீவில் குடியேறின. பயிரிட இங்கே போதிய நிலம் இல்லை. எனவே மீன்பிடித்தலும் கப்பல் வணிகமுமே பிழைப்பாயின. 1864 இல் டென்மார்க்குக்கு எதிரான போரின்போது, பிப்ரவரி 6 அன்று பிரஷ்யப் படை ஆர்னிசில்தான் ஷ்லையைக் கடந்தது. டானெவிர்க் அரணைக் காத்த டேனியப் படையைச் சுற்றிவளைப்பதே நோக்கம். அப்படையோ முந்தைய இரவே பின்வாங்கிவிட்டது. போருக்குப் பின் டேனியச் சந்தை எல்லைக்கு அப்பால் போனதால் ஊரின் வணிகமும் நலிந்தது.

நகரத் தகுதி கிடைத்ததற்கு ஊரின் வளர்ச்சி காரணம் அல்ல. அதுவரை ஆர்னிஸ் கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடைப்பட்ட 'ஃப்ளெக்கன்' என்னும் வகையில் இருந்தது. 1934 இல் நடைமுறைக்கு வந்த புதிய உள்ளாட்சிச் சட்டத்தால் அது நகரமானது. சட்டத்தின் துணை விளைவு என்றே இதைச் சொல்ல வேண்டும்.

இன்று இது ஷ்லெஸ்விக்-ஃப்ளென்ஸ்பூர்க் மாவட்டத்தைச் சேர்ந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும், ஊதியப் பணியாக அல்லாமல் மதிப்புறு பணியாகச் செயல்படும் நகரத் தலைவரும் உண்டு. ஆனால் தனி அலுவலகம் நடத்த இவ்வளவு சிறிய ஊரால் இயலாது. ஆகவே அண்டை ஊராட்சிகளுடன் சேர்ந்து காப்பெல்ன்-லாண்ட் என்னும் கூட்டு நிர்வாக அமைப்பில் அங்கம் வகிக்கிறது. முடிவுகளை ஆர்னிஸ் மன்றம் எடுக்கும். அலுவல்களை அந்த அமைப்பு கவனிக்கும். அந்த அமைப்பின் அன்றாட நிர்வாகமோ காப்பெல்ன் நகராட்சியின் கையில் உள்ளது. 1667 இல் முன்னோர்கள் விட்டு வெளியேறிய அதே ஊர்தான் அது.