தாண்டாவிலிருந்து தையற்கூடத்திற்கு: தருமபுரி மாவட்டச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்களின் ஊசிவேலைக் கூட்டமைப்பு

ஆய்வுச் சுருக்கம்

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தைச் சேர்ந்த சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் உருவாக்கிய 'போர்கை' கைவினைஞர் கூட்டமைப்பின் வரலாற்றுப் பின்புலத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. மறைந்த கலை ஒன்றின் மீட்பாகவே இம்முயற்சி பொதுவாகப் பேசப்படுகிறது. பொதிமாட்டு வணிகத்தின் வீழ்ச்சி, ஆடை மாற்றம், துணியின் தன்மை மாற்றம் ஆகியவற்றோடு சேர்த்து நோக்கும்போது இங்கு நிகழ்ந்தது மீட்பு அன்று. தன் உடலுக்காகத் தைத்த ஒரு வேலை, பிறர் வீட்டுக்கான வேலையாக மறு ஆக்கம் பெற்ற நிகழ்வு என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: லம்பாடி, தாண்டா, துன்னம், ஒட்டுத்தையல், சிட்லிங்கி, கைவினைஞர் கூட்டமைப்பு

முன்னுரை

தருமபுரி மாவட்டத்தின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பாப்பாரப்பட்டியில் வந்து நிற்பர். சுப்பிரமணிய சிவா அங்குப் பாரதபுரம் என்னும் பெயரில் ஆசிரமம் நிறுவியதும், பாரதமாதா ஆலயத்திற்கு 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டியதும், 1925 சூலை 23-இல் சிவா அங்கேயே மறைந்ததும் பலராலும் எழுதப்பட்டவை. சிவாவை உருவாக்கிய சுதேசி இயக்கம் துணியை அரசியலாக்கிய இயக்கம். ஆயினும் அந்த வரலாற்றில் துணி என்பது நூற்பதும் நெய்வதும் உடுப்பதும் எரிப்பதுமாகவே இடம்பெறுகிறது. தைத்த கைகளைப் பற்றிய குறிப்புகள் அரிது. நெசவுக்குக் கல்வெட்டும் செப்பேடும் உண்டு. கிழிந்ததை ஒட்டுப்போட்டுத் தைக்கும் வேலை வீட்டுக்குள் நடந்தது, ஆவணமாகவில்லை.

பாப்பாரப்பட்டி மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலுள்ள பென்னாகரம் வட்டத்தைச் சேர்ந்தது. அதே மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையில் அமைந்த சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், அவ்வாறு ஆவணமாகாத வேலை ஒன்று கடந்த இருபது ஆண்டுகளில் ஒரு நிறுவன வடிவம் பெற்றுள்ளது.

துன்னமும் கந்தையும்

தமிழில் ஊசிவேலைக்கான சொற்கள் பழமையானவை. பொருநராற்றுப்படை, பொருநன் உடுத்திருந்த ஆடையை வியர்வையில் நனைந்ததாகவும் வேற்று இழைகள் ஊடுபுகுந்த தைத்த கந்தலாகவும் காட்டுகிறது. 'துன்னம்' என்பது அங்கு வறுமையின் அடையாளம்; புரவலன் அதனைக் களைந்து புத்தாடை தருகிறான். சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் துன்னகாரர் ஒரு தொழிற்பிரிவினராக இடம்பெறுகின்றனர். ஆக ஒரே சொல்லடி, வீட்டில் ஒட்டுப்போட்ட கந்தலையும் நகரத்துத் தொழிலாளியையும் குறித்துள்ளது.

'கந்தை' என்னும் சொல் வடமொழிக் 'கந்தா'வோடு தொடர்புடையது. பழைய சேலைகளை அடுக்கிவைத்து ஓட்டுத்தையலால் இணைக்கும் வங்கத்துக் 'காந்தா'வும் அதே சொல்லே. கன்னடப் பகுதியில் இத்தகைய போர்வை 'கௌதி' எனப்படும். உத்தர கன்னட மாவட்டத்துச் சித்திகள் அதனைக் 'கவந்தி' என்பர். வங்கத்தின் காந்தா இன்று அருங்காட்சியகப் பொருளாக மதிக்கப்படுகையில் தமிழ்க் கந்தை பழமொழியில் மட்டும் தங்கிவிட்டது. தமிழ்நாட்டில் ஒட்டுத்துணிப் போர்வைகள் தைக்கப்படாமல் இல்லை. அவற்றைத் தொகுத்து வைக்கத்தக்க பொருளாக எவரும் கருதவில்லை என்பதே உண்மை.

லம்பாடிகளின் ஊசிவேலை இந்தப் பின்னணியில் தனித்து நிற்கிறது. அவர்களுக்குத் தையல் வறுமையின் அடையாளமாக இருந்ததில்லை. பெண்ணின் பாவாடையான 'பேட்டியா', முதுகு திறந்த 'காஞ்சளி', தலைமீது இடும் முக்காட்டுத் துணி ஆகிய மூன்றும் கண்ணாடித் துண்டுகளும் சோழிகளும் நாணயங்களும் பதித்து, துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கப்பட்டவை. பைகளும் விரிப்புகளும் இவ்வாறே. கர்நாடகத்தின் சண்டூர் லம்பானி மரபில் பதினான்கு தையல் வகைகள் பெயர் சுட்டிக் கணக்கிடப்பட்டுள்ளன. கிலன், வேலே, மாக்கி, ரேலோ, நாக்ரா ஆகியவற்றோடு 'கௌதி' என்பதும் அவற்றுள் ஒன்று. போர்வையின் பெயரே தையலின் பெயராகவும் வழங்குவது, அடுக்குத்துணித் தையலும் அலங்காரத் தையலும் இம்மரபில் பிரிக்க முடியாதவை என்பதைக் காட்டும்.

நகர்ந்த தாண்டா, நின்ற தாண்டா

லம்பாடிக் குடியிருப்பைக் குறிக்கும் 'தாண்டா' என்னும் சொல் முதலில் ஊரைக் குறித்ததன்று. பொதிமாடுகளோடும் குடும்பத்தோடும் நகர்ந்துசென்ற வணிகக் கூட்டமே தாண்டா. தானியமும் உப்பும் ஏற்றிய இக்கூட்டங்களைப் பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பயணி தவெர்னியே விவரித்துள்ளார். படைகளுக்கு உணவு வழங்கியோரும் இவர்களே. திப்பு சுல்தானுக்கு எதிரான மூன்றாம் மைசூர்ப் போரில் காரன்வாலிசின் படை 'பிரிஞ்சாரி'களின் தானியத்தைப் பெரிதும் நம்பியிருந்தது. அப்போரை முடித்த 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பினியார் கைக்கு வந்த நிலப்பகுதிகளுள் ஒன்றே பாராமகால், அதாவது இன்றைய தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதி. தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி நிலவரித் திட்டத்தில் பணியாற்றிய ஆண்டுகள் அதனைத் தொடர்ந்தவை. மைசூர்ப் பீடபூமியும் தமிழகச் சமவெளியும் சந்திக்கும் இந்நிலம் பொதிமாட்டுப் பாதைகளின் நிலம் என்பதை நிலவரி வரலாறு எழுதியோர் போதிய அளவு கவனிக்கவில்லை.

பொதிமாட்டின் காலத்தை முடித்தது இருப்புப்பாதை. 1860-களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கடற்கரையை எட்டிய பாதை மொரப்பூரைக் கடந்தே சென்றது. தானியமும் உப்பும் தொடர்வண்டியில் ஏறிய பின் நகரும் தாண்டாவுக்கு வேலையில்லை. அது காட்டோரத்தில் நின்றது, ஊரானது. நின்ற பிறகும் அலைகுடி என்ற ஐயம் அகலவில்லை. 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் விரிவாக்கப்பட்ட குற்றப் பழங்குடியினர் சட்டத்தின் நிழல் அலைகுடிச் சமூகங்கள் பலவற்றின்மீதும் விழுந்தது. அச்சட்டம் மாகாணத்தில் 1947-இலும் நாடெங்கும் 1952-இலும் நீக்கப்பட்டது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுப்பு நூலில் லம்பாடிகள் பற்றிய பகுதியில் வழிப்பறிக் கதைகளும் பெண்களின் ஆடை அணிகலன் விவரிப்புகளும் அருகருகே இருப்பது தற்செயலன்று. அந்த ஆடை தொலைவிலிருந்தே அடையாளம் காட்டியது. பிறர் மெச்சும் அழகாகவும் காவலர் கண்ணில் படும் குறியாகவும் அது ஒருங்கே இயங்கிற்று.

தையல் நின்ற காரணம்

சிட்லிங்கித் தாண்டாக்களில் இரு தலைமுறைப் பெண்கள் இத்தையலைக் கற்கவில்லை. இதற்கு நாகரிக மோகம் என ஒரு சொல்லில் விடை கூறுவது வழக்கம். அது போதாது.

முதலாவது, அண்டை ஊரார் முன் வேறுபட்டுத் தெரிவதில் ஏற்பட்ட கூச்சம். பள்ளிக்கும் சந்தைக்கும் கூலிவேலைக்கும் சென்ற தலைமுறைக்குச் சேலை ஒரு பாதுகாப்பு. இரண்டாவது, பொழுது. ஒரு பேட்டியா முடிக்க மாதக்கணக்கில் தைக்கவேண்டும். மானாவாரி நிலத்தில் உழைப்பதும் வேலை தேடித் திருப்பூர் முதலிய ஊர்களுக்குப் பெயர்வதுமாக மாறிய வாழ்க்கையில் அப்பொழுது கிட்டவில்லை.

மூன்றாவது காரணம் அதிகம் பேசப்படாதது: துணி. இத்தையல்களுள் பல, துணியில் கோலம் வரைந்துகொள்ளாமல் பாவு ஊடு இழைகளை எண்ணி ஊசியைச் செலுத்துபவை. இழை கண்ணுக்குத் தெரியும் தடித்த பருத்தித் துணி அதற்கு வேண்டும். விலை குறைந்த செயற்கை இழைச் சேலை வீட்டுக்குள் வந்தபோது எண்ணத்தக்க இழை போயிற்று. ஆடையை மாற்றியதால் தையல் நின்றது என்பதோடு, துணி மாறியதால் தைக்கவே இயலாமற் போயிற்று என்பதையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். பாட்டியிடமிருந்து பேத்தி கற்றுக்கொள்ள விரும்பியிருந்தாலும் பழகிப்பார்க்கத் துணி வீட்டில் இருந்திராது.

கூட்டமைப்பின் தோற்றம்

1993-இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இணையர் சிட்லிங்கியில் பழங்குடி நலவாழ்வு முயற்சி என்னும் அமைப்பைத் தொடங்கினர். ஊர்மக்கள் சேர்ந்து கட்டிய குடிசையே முதல் மருத்துவமனை. பச்சிளங் குழந்தை இறப்பும் ஊட்டக் குறைவும் மருந்தால் மட்டும் தீர்வன அல்ல என்ற தெளிவு, அவ்வமைப்பை 2000-களில் இயற்கை வேளாண்மைக்கு இட்டுச்சென்றது. சிட்லிங்கி இயற்கை உழவர் சங்கம் அவ்வழியில் பிறந்தது. ஊசிவேலைக் கூட்டமைப்பும் அதே பத்தாண்டின் இடைப்பகுதியில் தோன்றியது. இந்த வரிசைமுறை முக்கியமானது. கலைப்பொருள் வணிகரோ அருங்காட்சியகமோ இதன் தொடக்கத்தில் இல்லை. மருத்துவமனையின் வருவாய்க் கவலையிலிருந்து வந்தது இது.

தையலை நினைவில் வைத்திருந்தோர் முதிய பெண்கள் சிலர் மட்டுமே. அவர்களே ஆசிரியர்களாயினர். பழைய ஆடைகள் பார்த்துப் பழகும் பாடநூலாயின. இன்று ஏறத்தாழ 60 பெண்கள் இதில் பங்குகொள்கின்றனர். அமைப்பின் பெயரான 'போர்கை' லம்பாடி மொழியில் பெருமிதம் எனப் பொருள்படும். தமிழ்ச் செவிக்கு அது 'பொற்கை' என்றும் ஒலிக்கக்கூடும். ஊசி பிடித்த கைக்கு அதுவும் பொருந்தும்.

அவர்கள் தைப்பவை சேலைகள், மேலாடைகள், தலையணை உறைகள், படுக்கை விரிப்புகள், பைகள். பேட்டியா அவற்றுள் இல்லை. தைப்பவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் அதனை உடுப்பதுமில்லை. முன்னர்த் தாய் மகளுக்கென்று தைத்தாள், அது விலைக்குரியதன்று. இப்போது முகமறியா ஒருவர் வாங்குவார் என்பதற்காகத் தைக்கிறார்கள். ஆகவே நிறம் தணிந்தது, கண்ணாடி குறைந்தது, துண்டுகளின் இடம் வரையறுக்கப்பட்டது. மரபுத் தூய்மை கருதுவோர் இதனைக் குறையாகக் கூறலாம். ஆயினும் அந்தப் பெண்களின் பக்கத்திலிருந்து நோக்கினால், தான் கற்ற வேலைக்குத் தன் பெயரில் கூலி பெறுவது தாண்டாவின் வரலாற்றில் புதியது. வேளாண் வேலை இல்லாத நாட்களில் ஊரைவிட்டுப் பெயராமல் இருக்க அது இடந்தருகிறது.

'கூட்டமைப்பு' என்ற சொல்லையும் இங்கு எடைபோட வேண்டும். தமிழக வரலாற்றில் தொழிற்குழுக்கள் வலிமையானவை. உத்தம சோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடுகள், காஞ்சிபுரத்து நெசவாளர் குடியிருப்புகளிடம் கோயில் அறக்கொடையின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. அத்தகைய குழுவுக்குப் பிறப்புரிமையும் கோயில் மரியாதையும் அடித்தளம். மேலை நாடுகளின் ஒட்டுத்தையல் கழகங்களோ பெரும்பாலும் ஓய்வுப்பொழுதை ஒட்டியவை. சென்னையில் 2019-இல் நடைபெற்ற இந்திய ஒட்டுத்தையல் விழா, நகர்ப்புறத்தில் அத்தகைய ஆர்வலர் வட்டம் இங்கும் உருவானதைக் காட்டியது. சிட்லிங்கியின் அமைப்பு இவ்விரண்டிலும் அடங்காது.

அலபாமாவிலிருந்து ஓர் ஒப்பு

இதற்கு நெருங்கிய இணை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உண்டு. வாக்குரிமைப் போராட்டத்தில் ஈடுபட்டதற்காக நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட கறுப்பினக் குத்தகை உழவர் குடும்பங்கள் வாழ்ந்த வில்காக்ஸ் மாவட்டத்தில் 1966-இல் 'விடுதலை ஒட்டுத்தையல் கூட்டுறவு' தொடங்கப்பட்டது. பெண்கள் தைத்த போர்வைகள் நியூயார்க்கில் விற்பனையாயின. விரைவில் பெருங்கடைகள் ஒரே அளவில், ஒரே வடிவில் நூற்றுக்கணக்கில் கேட்டன. 1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்குத் தடித்த வரித்துணியால் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. வருவாய் வந்தது; கைபோன போக்கில் அமையும் வடிவமைப்புக்கு அதில் இடமில்லை. அந்த ஒப்பந்தத்தில் மிஞ்சிய துண்டுகளை வீட்டுக்கு எடுத்துச்சென்று பெண்கள் தமக்கெனத் தைத்த போர்வைகள், 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொடங்கிய கீஸ் பெண்ட் காட்சியில் இடம்பெற்றுப் புகழ்பெற்றன. விற்பனைக்கெனத் தைத்தது கூலி தந்தது. தமக்கெனத் தைத்தது கலையென மதிக்கப்பட்டது.

சிட்லிங்கியை ஆய்வு செய்வோர் கேட்கவேண்டிய கேள்வி இங்கிருந்து எழுகிறது. விற்பனைத் தையலின் ஓரத்தில் மிஞ்சும் துண்டுத் துணி எங்கே போகிறது? தாண்டா வீடுகளில் பேத்திக்கோ பேரனுக்கோ ஏதேனும் தைக்கப்படுகிறதா? உத்தர கன்னடச் சித்திப் பெண்கள், தாம் தைக்கும் கவந்தியின் நான்கு மூலைகளிலும் மடித்துவைத்துத் தைத்த 'பூ' இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருப்பதாகக் கருதுவர். விற்பனைக்குச் செல்லும் கவந்தியிலும் அதனை விடுவதில்லை. இத்தகைய விட்டுக்கொடுக்காத கூறு ஒன்று லம்பாடித் தையலில் எது என்பது கள ஆய்வால் மட்டுமே தெளிவுறும்.

குறியீடும் பட்டியலும்

சண்டூர் லம்பானித் தையல் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. தமிழ்நாட்டில் தோடர் பூவேலைப்பாடு 2013-இல் அக்குறியீட்டைப் பெற்றது. புவிசார் குறியீடு நிலத்தைப் பற்றிய உரிமை. லம்பாடித் தையலோ மாட்டின் முதுகில் நகர்ந்த கலை. ஒரே மரபைச் சேர்ந்த இரு தாண்டாக்களில் ஒன்று குறியீட்டு எல்லைக்குள்ளும் மற்றொன்று வெளியிலும் அமைவது, நகர்ந்த சமூகத்தின்மீது நிலைத்த எல்லையைப் பொருத்துவதால் வரும் சிக்கல். சாதிப் பட்டியலிலும் இதே நிலை. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் பட்டியல் பழங்குடியினராகவும், கர்நாடகத்தில் பட்டியல் சாதியினராகவும் உள்ள இச்சமூகம் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறது. சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் அண்டை வீட்டாராக வாழும் மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர், லம்பாடிகள் அல்லர். பழங்குடியினருக்கெனத் திட்டமிடப்படும் கைவினை உதவி, அதே பள்ளத்தாக்கில் ஒரு தெருவுக்கு வந்து அடுத்த தெருவுக்கு வராமற் போகும்.

தாண்டாவின் முதிய ஆசிரியைகள் சொல்லிக்கொடுத்த தையற்பெயர்கள் எழுத்து வடிவமில்லாத மொழியைச் சேர்ந்தவை. சண்டூர்ப் பட்டியலின் பெயர்களோடு அவை எங்கு ஒத்து எங்கு வேறுபடுகின்றன என்பதைத் தமிழ் எழுத்தில் பதிவுசெய்யும் பணி, அவர்கள் ஊசி பிடிக்கும் காலத்திற்குள் செய்யப்பட வேண்டியது.