மூலமும் உரையும்: பெங்களூர் ஆவணப்பட முயற்சிகளில் மொழிபெயர்ப்பின் இடம்

படத்தையும் குரலையும் கொண்டு பண்பாட்டைத் திறனாயும் முறை இன்று வீடியோ கட்டுரை என வழங்கப்பெறுகிறது. இதில் மொழிபெயர்ப்பு பெறும் இடத்தைப் பெங்களூர்ச் சான்றுகள்வழி இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கிறிஸ் மார்க்கரின் ‘சைபீரியாவிலிருந்து ஒரு கடிதம்’ என்னும் பிரெஞ்சுப் படத்தை 1958இல் மதிப்பிட்ட ஆந்த்ரே பசேன், அதனைக் கட்டுரை என்றே வகைப்படுத்தினார். அப்படத்தில் யாகூத்ஸ்க் நகரத் தெருக்காட்சி ஒன்று மும்முறை வருகிறது. வருணனை மட்டும் புகழ்ச்சியாகவும் இகழ்ச்சியாகவும் நடுநிலையாகவும் மாறுகிறது. காட்சி மாறாதிருக்கப் பொருள் மாறுகிறது. மூலம் ஒன்றாயிருக்க உரைகள் வேறுபடுவதைத் திருக்குறள் உரைகளில் கண்டு பழகிய தமிழாய்வாளர்க்கு இது புதிதன்று.

பெங்களூரில் 1980இல் தோன்றிய யுகாந்தர் என்னும் பெண்ணியத் திரைப்படக் குழு, புணே வீட்டுப் பணிப்பெண்கள், நிப்பாணிப் புகையிலைத் தொழிலாளர் ஆகியோரின் போராட்டங்களைப் படமாக்கியது. அக்குழுவைத் தொடங்கியவருள் ஒருவரான தீபா தன்ராஜ், 2011இல் ‘இன்வோக்கிங் ஜஸ்டிஸ்’ என்னும் படத்தில் தமிழ்நாட்டு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தைப் பதிவுசெய்தார். படைத்தோர் பெங்களூரினர், படத்தில் பேசுவோர் மொழியோ மராத்தி, தமிழ் எனப் பலவாகிறது. எனவே இப்படங்களில் மொழிபெயர்ப்பு, திறனாய்வின் உள்ளுறுப்பாகவே அமைகிறது.

‘ஜமாஅத்’ என்னும் சொல்லை இங்குச் சான்றாகக் கொள்ளலாம். அரபு மொழியில் கூட்டம் எனப் பொருள்படும் இச்சொல், தமிழ்நாட்டு வழக்கில் பள்ளிவாசலைச் சார்ந்து வழக்குகளைத் தீர்க்கும் அவையையும் குறிக்கும். அவ்வவையில் ஆண்களே வீற்றிருந்து வந்தனர். ஆதலின் ‘பெண்கள் ஜமாஅத்’ என்னும் பெயரே தீர்ப்பளிக்கும் உரிமையைக் கோருவதாகும். அடிவரியில் அதனைப் ‘பெண்கள் சங்கம்’ எனப் பெயர்த்தால் சொல் எளிமையாகும்; உரிமைக் கோரிக்கை மறைந்துவிடும். ஈரடிக்குள் அடங்கவேண்டிய அடிவரியில் இதனை விளக்கவும் இடமில்லை.

இவ்விடர்ப்பாட்டுக்கு ஒரு வழி 2008இல் தொடங்கப்பெற்ற பாட்மா என்னும் இணைய ஆவணக்களரியில் காணப்படுகிறது. பெங்களூரின் மாற்றுச் சட்ட மன்றம், மும்பை, பெர்லின் குழுக்களுடன் இணைந்து இதனை உருவாக்கியது. தொகுக்கப்படாத ஒளிப்பதிவுகளும் இதில் இடம்பெறுகின்றன. ஒவ்வொரு நேரப்புள்ளியிலும் பேச்சின் எழுத்துவடிவம், மொழிபெயர்ப்பு, விளக்கக் குறிப்பு ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாகச் சேர்க்கலாம். ஒருவர் தந்த பொருளைப் பிறிதொருவர் மறுத்தெழுதவும் இயலும். மூலத்தைச் சிதையாது வைத்து, அதனருகே பதவுரையும் விளக்கவுரையும் எழுதிய நம் உரையாசிரியர் நெறியோடு இஃது ஒப்புநோக்கத்தக்கது.

எனவே அடிவரி எழுதுதலைத் தொழில்நுட்பப் பணியாக மட்டும் கருதாது, உரைமரபின் தொடர்ச்சியாகக் கருதுதல் பொருந்தும். தமிழ்ப் பேச்சைப் பதிந்த படங்களுக்கு இத்தகைய உரை காணும் பொறுப்பு மொழியியலாரையும் மொழிபெயர்ப்பாளரையும் சார்ந்ததாகும்.