வெண்கலக் காசும் வெற்றிப் படமும்

உரோமப் பேரரசின் சரித்திரத்தைச் சக்கரவர்த்திகளின் வாழ்க்கை வரலாறாகவே படித்துப் பழகியவர் நாம். அப்பேரரசின் சாமானிய மக்கள் கையாண்ட வெண்கலக் காசுகள் கூறும் கதை வேறு.

கி.பி. 348ஆம் ஆண்டளவில் கொன்ஸ்தாந்தியுஸ், கொன்ஸ்தான்ஸ் என்னும் சகோதரச் சக்கரவர்த்திகள் புதிய வெண்கலக் காசுகளை வெளியிட்டனர். உரோம நகர் தோன்றி 1,100 ஆண்டுகள் நிறைந்தனவாகக் கொள்ளப்பட்ட காலம் அது. 'நற்காலம் மீண்டது' என்னும் பொருள்பட இலத்தீன் வாசகமொன்று அவற்றிற் பொறிக்கப்பட்டது. சிலவற்றில் பீனிக்ஸ் பறவை. சிலவற்றில், மரத்தடிக் குடிசையிலிருந்து ஒருவனைக் கைப்பிடித்து இழுத்துச் செல்லும் போர்வீரன். மிகப் பெருந்தொகையாக அடிக்கப்பட்டதோ பிறிதொரு படம். குதிரையிலிருந்து சரியும் பகைவனை உரோம வீரன் ஈட்டியாற் குத்துகிறான். விழுபவனின் ஒரு கை உயிர்ப்பிச்சை கேட்பதுபோல உயர்ந்திருக்கிறது.

குடிசைப் படத்தை, அநாகரிகரை நல்வாழ்வுக்கு அழைத்துச் செல்லும் காட்சியென விளக்குவாருமுளர். இழுக்கப்படுபவன் வீரனிலும் மிகச் சிறியவனாகச் செதுக்கப்பட்டிருப்பதை நோக்கின், அவ்விளக்கம் ஆண்டோரின் விளக்கமே என்பது புலப்படும்.

நற்காலம் யாருக்கு மீண்டது? கொன்ஸ்தந்தைன் காலந்தொட்டு, ஓர் உரோம இறாத்தலுக்கு 72 வீதம் அடிக்கப்பட்ட பொன் நாணயம் நிறை குன்றவில்லை. அதிகாரிகளும் நிலப்பிரபுக்களும் சேமித்தது அதனையே. சந்தையிற் புழங்கிய வெண்கலக் காசோ, தொடக்கத்திற் சிறிது வெள்ளி கலந்து ஏறக்குறைய ஐந்து கிராம் நிறையுடையதாயிருந்தது, பத்தாண்டுக்குள் பாதியாயிற்று. அதன் வெள்ளியைப் பிரித்தெடுப்போருக்கு 349ஆம் ஆண்டுச் சட்டமொன்று மரண தண்டனை விதித்தது. அதே வெள்ளியை அரசே படிப்படியாகக் கழித்தமைக்கு யாரைத் தண்டிப்பது? பொன்னின் பெருக்கம் செல்வர் வீடுகளை நிரப்பி ஏழைகளை வருத்தியதென அந்நூற்றாண்டிலேயே பெயர் தெரியாத ஆசிரியரொருவர் ஆட்சியாளரை நோக்கி எழுதினார்.

காசிலே வீழ்பவன் அந்நியன். ஆனால் 350இல் கொன்ஸ்தான்ஸைக் கவிழ்த்துக் கொன்றவர்கள் அவனது படையினரே. 351இல் மூர்சாவில் இருதரப்பிலும் மடிந்தோர் உரோமப் பேரரசின் போர்வீரரே.

நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளின் உரோம வெண்கலக் காசுகள் இலங்கையிலும் ஆயிரக்கணக்கிற் கிடைத்துள்ளன. பல, கைமாறிக் கைமாறித் தேய்ந்தவை. அவற்றைப் பார்த்து இங்கேயே அடிக்கப்பட்ட போலிகளும் உள. இவற்றுட் பலவற்றில் சக்கரவர்த்தியின் முகம் உருச்சிதைந்து, இலத்தீன் வாசகம் வெறுங் கீறல்களாகிவிட்டது.